ஜேம்ஸ் டெய்லர் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' கேட்டாச்சு, அடுத்து எந்த ஆல்பம்?

மூணாங்கட்டை:

வணக்கம். அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லர்னா இப்போதைக்கு எனக்கு 1976-ல வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பு மட்டும்தான். பன்னிரண்டு பாட்டும் மனப்பாடம். இனிமே ஆல்பம் ஆல்பமா இறங்கலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி சில சந்தேகம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாட்டெல்லாம் காலவரிசைப்படி அடுக்கினதா சொல்றாங்க. அப்படின்னா முதல் ரெண்டு பாட்டு, 'சம்திங் இன் த வே ஷி மூவ்ஸ்', 'கரோலைனா இன் மை மைண்ட்', ரெண்டும்தான் ரொம்பப் பழசா இருக்கணும். ஆனா அதுல குரல் நல்லா முதிர்ந்து, நிதானமா இருக்கு. மூணாவதா 'ஃபயர் அண்ட் ரெயின்' வந்ததும் திடீர்னு குரல் இளசாயிடுது. இது எப்படி?

பாடகி கார்லி சைமனோட சேர்ந்து பாடின 'மாக்கிங்பேர்ட்' அமெரிக்காவுல 5-ம் இடம் வரைக்கும் போன பாட்டு, அது இதுல இல்ல. 'ஹேண்டி மேன்' இல்ல. அதே சமயம் 'வாக்கிங் மேன்' இருக்கு, அது எப்போ ஹிட் ஆச்சுன்னே தெரியல. எந்தக் கணக்குல பொறுக்கினாங்க?

கிடார்ல கூடவே வாசிச்சா கார்டு சரியாத்தான் விழுது, ஆனா சுதி ஒட்டமாட்டேங்குது. ஆப்ல ட்யூன் பண்ணி எல்லாத் தந்தியும் பச்சை விளக்கு காட்டினப்புறமும் அப்படித்தான். எல்பி, ஸ்ட்ரீமிங் ரெண்டுலயும் வாசிச்சுப் பார்த்தாச்சு.

கடைசியா, எல்லாத்தையும் வாங்கக் கட்டுப்படியாகாது. ரெண்டு மூணு ஆல்பம் மட்டும்னா எது எது?


உறைக்குறிப்பு:

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. அந்த முதல் இரண்டு பாட்டும் முதலில் பதிவானது 1968-ல், ஆனால் இந்தத் தொகுப்பில் இருக்கும் பதிவு 1976-ல் புதிதாகப் பாடியது. டெய்லர் பிறந்தது 1948 மார்ச். ஆக முதல் இரண்டு பாட்டில் நீங்கள் கேட்பது 28 வயதுக் குரல். 'ஃபயர் அண்ட் ரெயின்' பதிவானது 1969 டிசம்பரில், அது 21 வயதுக் குரல். ஏழு வருஷம் பின்னால் போகிறது ஊசி.

காரணம் உரிமை. டெய்லரின் முதல் ஆல்பம் இந்தத் தொகுப்பை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸுக்காகச் செய்ததல்ல, பீட்டில்ஸ் தொடங்கிய ஆப்பிள் ரெக்கார்ட்ஸுக்காகச் செய்தது. பிரிட்டனைச் சேராத கலைஞர்களில் ஆப்பிள் முதலில் ஒப்பந்தம் போட்டது இவரைத்தான். லண்டன் ட்ரைடென்ட் ஸ்டுடியோவில் 1968-ல் பதிவாகி, அந்த வருஷம் டிசம்பரில் பிரிட்டனிலும் 1969 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளியானது. தயாரிப்பாளர் பீட்டர் ஆஷர். 1969-ல் டெய்லர் வார்னருக்கு மாறினார், ஆஷரும் கூடவே வந்தார், ஆனால் பழைய நாடாக்கள் ஆப்பிளிடமே இருந்தன. 1976-ல் வார்னர் தொகுப்பு போடும்போது அந்த இரண்டு பாட்டும் இல்லாமல் போட முடியாது. ஆப்பிள் பதிவை எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. அதனால் ஆஷரே மறுபடி உட்கார்ந்து இரண்டையும் புதிதாகப் பதிவு செய்தார்.

வித்தியாசம் சின்னதல்ல. ஆப்பிள் பதிவு 'கரோலைனா'வில் பேஸ் வாசித்தது பால் மெக்கார்ட்னி. பின்குரலில் ஜார்ஜ் ஹாரிசன் இருக்கிறார், உறையில் பெயர் இல்லை. அந்த ஆல்பத்தில் பல பாட்டுகளை ஒட்டவைக்க நடுவில் குட்டிக் குட்டி வாத்திய இணைப்புகள் போட்டிருப்பார்கள், ரிச்சர்ட் ஹ்யூஸன் அமைத்தவை. இரண்டு பாட்டுக்கு நடுவில் மூச்சு விட இடம் கிடைக்காது. 1976 பதிவில் அந்த அலங்காரமெல்லாம் போய், டேன் டக்மோரின் பெடல் ஸ்டீல் கிடார் வருகிறது. பெடல் ஸ்டீலின் அந்த வழுக்கும் ஓசை கேட்டால் அது 1976 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இன்றைக்கு ரேடியோவிலும் பிளேலிஸ்ட்களிலும் 'கரோலைனா' என்று வருவது பெரும்பாலும் 1976 பதிவுதான். என் கணிப்பில் அதுவே நல்ல பதிவும்கூட. வீட்டு நினைப்பில் ஏங்கும் பாட்டுக்கு ஆப்பிள் பதிவின் வேகமும் துள்ளலும் கொஞ்சம் அவசரம். 'சம்திங்' மட்டும் பழைய பதிவில் இன்னும் கூச்சத்தோடு இருக்கிறது, அதற்காகவே கேட்கலாம். ஹாரிசன் தன்னுடைய 'சம்திங்' பாட்டின் முதல் அடியை இதிலிருந்துதான் எடுத்தார்.

கடைசிப் பாட்டு 'ஸ்டீம்ரோலர்' விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதுவும் மூலப் பதிவு இல்லை. 1975-ல் மேடையில் பாடியது. மூலம் 1970-ன் 'ஸ்வீட் பேபி ஜேம்ஸ்' ஆல்பத்தில் சுமார் மூன்று நிமிஷம்; மேடைப் பதிவு ஐந்து நிமிஷத்துக்கும் மேல். ப்ளூஸ் பாடுகிறேன் என்று கிளம்பிய நடுத்தர வர்க்கத்து வெள்ளைக்காரப் பையன்களைக் கிண்டல் செய்து எழுதிய பாட்டு அது. மேடையில் இழுத்துப் பாடும்போது கிண்டல் நன்றாகத் தெரியும். ஸ்டுடியோ பதிவை மட்டும் கேட்டால் நிஜ ப்ளூஸ் என்றே நினைத்துவிட வாய்ப்பு உண்டு. எல்விஸ் 1973-ல் ஹவாய் நிகழ்ச்சியில் பாடியபோது நேர் ப்ளூஸாகவே பாடிவிட்டார், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆக பன்னிரண்டில் மூன்று, முதலில் வெளிவந்த பதிவல்ல. மீதி ஒன்பதும் ஆல்பத்தில் உள்ளவையே.

தொகுப்பு வாங்குகிற யாரும் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது, இவருக்கு மட்டுமில்லை. கனடாப் பாடகர் கார்டன் லைட்ஃபுட்டின் 'கோர்ட்ஸ் கோல்ட்' (1975) தொகுப்பில், அவர் முன்பு இருந்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனிக் காலத்துப் பாட்டுகள் எல்லாம் மறுபடி பாடியவை. ஜான் டென்வரின் 1973 தொகுப்பிலும் பல பாட்டுகள் மறுபதிவு. அங்கே உரிமைத் தகராறு இல்லை, இப்போது இன்னும் நன்றாகப் பாடுவேன் என்று அவரே திரும்பப் பாடினார். உறையின் பின்பக்கத்தில் பாட்டுக்குப் பாட்டு தயாரிப்பாளர் பெயரும் வருஷமும் இருக்கும். தொண்ணூறு சதவீதக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.


கடைசிவரிசை:

உறைக்குறிப்பு முதல் கேள்விக்கு முழுசாச் சொல்லிட்டார். எது உள்ள, எது வெளியங்கிறதுக்கு நான்.

'ஹேண்டி மேன்' விஷயம் சுலபம். அது 1977 ஜூன்ல வந்த 'ஜேடி' ஆல்பத்துப் பாட்டு. தொகுப்பு வந்தது 1976 நவம்பர். பாட்டே அப்போ வரல. வந்தப்பவும் கம்பெனி வேற: வார்னரை விட்டு கொலம்பியாவுக்குப் போய்ட்டார். இந்தத் தொகுப்புதான் வார்னர்ல அவரோட கடைசி ரெக்கார்ட். அதனால 'ஹேண்டி மேன்' (4-ம் இடம்), 'யுவர் ஸ்மைலிங் ஃபேஸ்', 'ஹெர் டவுன் டூ' எல்லாம் 2000-ல கொலம்பியா போட்ட 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் வால்யூம் 2'-ல இருக்கு. ரெண்டாவது வால்யூமை முதல் வால்யூமோட தொடர்ச்சின்னு எடுத்துக்கலாம், ஆனா ரெண்டுக்கும் நடுவுல கம்பெனி எல்லைக்கோடு ஓடுது.

'மாக்கிங்பேர்ட்'? அது கார்லி சைமனோட 'ஹாட்கேக்ஸ்' (1974) ஆல்பத்துல வந்தது, எலெக்ட்ரா வெளியீடு. டெய்லர் ஆல்பம் எதுலயும் கிடையாது. தொகுப்புல இருக்கிறது அவரோட சொந்த ஆல்பங்கள்ல இருந்து வந்த பாட்டுதான்.

இப்ப சுவாரஸ்யமான இடத்துக்கு வருவோம். பில்போர்டுங்கிற அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. 'யூவ் காட் எ ஃப்ரெண்ட்' 1. 'ஃபயர் அண்ட் ரெயின்' 3. 'ஹௌ ஸ்வீட் இட் இஸ்' 5. 'டோன்ட் லெட் மீ பி லோன்லி டுநைட்' 14. 'ஷவர் த பீப்பிள்' 22. 'கன்ட்ரி ரோட்' 37. 'மெக்ஸிகோ' 49. இது வரைக்கும் சரி. 'வாக்கிங் மேன்' நூறுக்குள்ளயே வரல! 'ஸ்வீட் பேபி ஜேம்ஸ்' பாட்டும் சிங்கிளா வந்து தரவரிசைல ஏறல. அதே நேரம் 1971-ல 31-ம் இடம் வந்த 'லாங் அகோ அண்ட் ஃபார் அவே' விடுபட்டிருக்கு. ஆக 'ஹிட்ஸ்'னு பேரு போட்டிருந்தாலும் தரவரிசைப்படி பொறுக்கினது இல்ல. ஆல்பத்துக்கு ஒண்ணாவது வரணும்னு பார்த்து எடுத்த மாதிரிதான் எனக்குப் படுது. 'வாக்கிங் மேன்' ஆல்பம் (1974) அப்போ சரியாப் போகல, அதுக்கு இருக்கிற ஒரே பிரதிநிதி அந்தப் பாட்டு. அது இல்லைன்னா 1972-லேர்ந்து 1975-க்கு ஒரே தாவு. அந்தப் பாட்டு பிரமாதமான பாட்டுங்கிறது வேற விஷயம்.

அதைவிட முக்கியமா ஒண்ணு. பாட்டு எழுதிப் பாடுறவர்னுதானே இவருக்குப் பேரு? தொகுப்புல தரவரிசையோட உச்சிக்குப் போன மூணுல ரெண்டு இவர் எழுதினது இல்ல. 'யூவ் காட் எ ஃப்ரெண்ட்' கேரல் கிங் எழுதினது. அந்த வருஷப் பாட்டுக்கான கிராமி கிங்குக்கும், பாடினதுக்கான கிராமி டெய்லருக்கும் போச்சு. 'ஹௌ ஸ்வீட் இட் இஸ்' மோட்டவுன் கம்பெனிப் பாட்டு, ஹாலண்ட்-டோசியர்-ஹாலண்ட் எழுதி 1964-ல மார்வின் கே பாடினது. பின்னாடி வந்த 'ஹேண்டி மேன்' கூட 1960-ல ஜிம்மி ஜோன்ஸ் பாடின பழைய பாட்டு. இவரோட வானொலி முகம் பாதி இரவல். எழுத்தாளரைத் தேடணும்னா ஹிட்டாகாத பாட்டுகளுக்குத்தான் போகணும். அடுத்து எந்த ஆல்பம்ங்கிற உங்க கேள்விக்கு நான் பதில் தேடுற இடம் அதுதான்.

என் சிபாரிசு: 'மட் ஸ்லைட் ஸ்லிம் அண்ட் த ப்ளூ ஹொரைசன்' (1971). முதல்ல அது. எல்லாரும் 'ஸ்வீட் பேபி ஜேம்ஸ்' சொல்லுவாங்க, அதுல இருந்து உங்ககிட்ட ஏற்கெனவே மூணு பாட்டு இருக்கு, 'ஸ்டீம்ரோலர்' வேற பதிவா நாலாவது. 'மட் ஸ்லைட் ஸ்லிம்'ல இருந்து ஒண்ணே ஒண்ணுதான் தொகுப்புக்கு வந்திருக்கு, அதுவும் இவர் எழுதாதது! அப்ப அந்த ஆல்பத்துல இவர் எழுதின ஒரு பாட்டுகூட நீங்க கேட்டதில்ல. 'யூ கேன் க்ளோஸ் யுவர் ஐஸ்' அதுலதான் இருக்கு. தாலாட்டு மாதிரி, கிடாரும் குரலும் மட்டுமே. இது ஏன் தொகுப்புல இல்லைன்னு ரசிகர்கள் இன்னிக்கும் புலம்புற பாட்டு. லிண்டா ரான்ஸ்டட் 1974-ல பாடியிருக்காங்க, அதுக்கும் தயாரிப்பு ஆஷர்தான். 'ஹே மிஸ்டர் தட்ஸ் மீ அப் ஆன் த ஜூக்பாக்ஸ்' இன்னொண்ணு: ஹிட்டானவனோட சலிப்பை அந்த ஹிட்டுக்குள்ளயே உட்கார்ந்து பாடுறது. 'லாங் அகோ'ல கூடப் பாடுறது ஜோனி மிட்செல். பேஸ்ல லீலண்ட் ஸ்க்ளார், ட்ரம்ஸ்ல ரஸ் கங்கெல், கிடார்ல டேனி கோர்ச்மார். 70-கள்ல லாஸ் ஏஞ்சலஸ்ல பாதி ரெக்கார்ட் இவங்க வாசிச்சதுதான்.


உறைக்குறிப்பு:

கடைசிவரிசை சொன்னதில் ஒரு மறுப்பு. 'ஸ்வீட் பேபி ஜேம்ஸ்'-ல் இருந்து நிறைய இருக்கிறது என்பதற்காக அதைத் தள்ளிப்போடக் கூடாது. அந்தப் பாட்டுகளுக்கு அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் பாட்டே முழுசாகப் புரியும். மொத்தமே அரை மணி நேரத்துச் சொச்சம்.

உதாரணம், 'ஃபயர் அண்ட் ரெயின்'. தொகுப்பில் அது ஒரு சோகப் பாட்டு, அவ்வளவுதான். ஆல்பத்தில் அதற்கு முன்னும் பின்னும் 'சன்னி ஸ்கைஸ்', 'ப்ளாசம்', ஸ்டீஃபன் ஃபாஸ்டரின் பழைய 'ஓ சுசானா' என்று வெயிலும் விளையாட்டுமாக வந்துகொண்டிருக்கும்போது இது நடுவில் இறங்குகிறது. மூன்று சரணமும் மூன்று தனித்தனி விஷயம். முதலாவது தோழியின் மரணம். டெய்லர் லண்டனில் ஆல்பம் வேலையில் இருந்ததால் நண்பர்கள் அவரிடம் உடனே சொல்லாமல் மறைத்தார்கள். இரண்டாவது போதைப் பழக்கத்தோடு மல்லுக்கட்டியது. மூன்றாவதில் உடைந்து தரையில் கிடக்கும் பறக்கும் இயந்திரங்கள் விமான விபத்து அல்ல, ஃப்ளையிங் மெஷின் என்ற பெயரில் அவர் நடத்திக் கலைந்துபோன இசைக்குழு. விபத்தில் தோழி இறந்தாள் என்று இணையத்தில் சுற்றும் கதைக்கு அடி இந்த வரிதான், நம்ப வேண்டாம்.

காதால் பிடிக்க வேண்டியதும் இருக்கிறது. கங்கெல் இதில் குச்சி எடுக்கவில்லை, பிரஷ்ஷால் வாசிக்கிறார். கடைசிச் சரணத்தில் டாம் ட்ரம்களில் அந்தப் பிரஷ் உருளும்போது ஓங்கி அடிப்பதுபோல் இருக்கும், ஆனால் முனை மழுங்கிய சத்தம். அடியில் இழைந்துகொண்டு வருவது வில் போட்டு வாசித்த டபுள் பேஸ், பாபி வெஸ்ட். பியானோ கேரல் கிங். ஹெட்ஃபோனில் ஒரு தடவை குரலை விட்டுவிட்டு டபுள் பேஸை மட்டும் பின்தொடருங்கள்.

அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஸ்வீட் ஃபார் 20 ஜி' (இந்த 'ஸ்வீட்' இனிப்பு அல்ல, suite, அதாவது இசைக் கோர்வை). ஆல்பத்தைக் கொடுத்தால் 20,000 டாலர் கைக்கு வரும், ஒரு பாட்டு குறைகிறது. முடிக்காமல் கிடந்த மூன்று துண்டுகளைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். தையல் எங்கே என்று கேட்டாலே தெரியும். இந்தத் தொகுப்பில் இடம் பிடிக்காத பாட்டு, ஆனால் கடைசித் துண்டில் பித்தளை வாத்தியங்களோடு ஆட்டம் போடும்.

ஆகவே என் வரிசை: 'ஸ்வீட் பேபி ஜேம்ஸ்', 'மட் ஸ்லைட் ஸ்லிம்', பிறகு 'ஜேடி'. வார்னரிலிருந்து இரண்டு, கொலம்பியாவிலிருந்து ஒன்று. 'ஜேடி'யில் 'சீக்ரெட் ஓ' லைஃப்' இருக்கிறது, 'பார்டெண்டர்ஸ் ப்ளூஸ்' இருக்கிறது. பின்னதை கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் தன் பாட்டாகவே ஆக்கிக்கொண்டார், அதில் டெய்லர் பின்குரல் பாடினார்.

'ஒன் மேன் டாக்' (1972) மட்டும் மூன்றாவதாக வாங்கிவிடாதீர்கள். பதினெட்டு பாட்டு, பல ஒன்றிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், பின்பக்கம் ஒன்றோடொன்று கோர்த்து ஓடும். 'டோன்ட் லெட் மீ பி லோன்லி' தொகுப்பில் கேட்டுவிட்டு, மைக்கேல் ப்ரெக்கர் சாக்ஸபோன் போல இன்னும் கிடைக்கும் என்று போனால் ஏமாற்றம்தான். பழகின பிறகு பிடிக்கும் ஆல்பம் அது.


ஆறுதந்தி:

சுதி கேள்விய யாரும் தொடல, அதனால நான்.

உங்க கிடார் கெட்டுப்போகல. ஜேம்ஸ் டெய்லர் கிடார் ட்யூனர் சொல்ற நேர் சுதியில இருக்கிறதே இல்ல. ஒவ்வொரு தந்தியையும் கொஞ்சம் கொஞ்சம் இறக்கி வச்சிருப்பார். அவரே தன்னோட கிடார் பாட வீடியோவுல கணக்குச் சொல்லியிருக்கார். தடிமனான ஆறாவது தந்தி 12 சென்ட் கீழே, ஐந்தாவது 10, நான்காவது 8, மூன்றாவது 4, இரண்டாவது 6, மெல்லிசான முதல் தந்தி 3. நூறு சென்ட் சேர்ந்தா அரைச் சுரம், அதனால இது காதுக்கு அபஸ்வரமாத் தெரியாது, ரெக்கார்டோட சேர்த்து வாசிக்கும்போதுதான் உரசும்.

ஏன் இறக்கணும்? ரெண்டு காரணம். இவர் நிறையப் பாட்டுக்கு கேப்போ (கிடார் கழுத்துல மாட்டி எல்லாத் தந்தியையும் அமுக்குற கவ்வி) போடுவார். கேப்போ தந்தியை ஃப்ரெட்டு மேல அமுக்கும்போது தந்தி கொஞ்சம் இழுபடும், சுதி ஏறும். கம்பி சுத்தின தடித் தந்திங்க இன்னும் அதிகமா ஏறும். ரெண்டாவது, தந்தியை மீட்டின அந்த நொடியில சுதி மேல இருந்து அப்புறம்தான் அடங்கும். அதுவும் பேஸ் தந்தியிலதான் அதிகம். இவர் கட்டைவிரலால பேஸ் வரியைத் தனியா நடத்திக்கிட்டே போறவர், அந்தச் சுரம் ஒவ்வொண்ணும் தூக்கலா நின்னா பாட்டு முழுக்கக் கசக்கும்.

செய்முறை: கேப்போவைக் கழட்டிட்டு, திறந்த தந்தியில ட்யூன் பண்ணுங்க. ட்யூனர் சென்ட்டை எண்ணாக் காட்டணும். பச்சை விளக்கு மட்டும் காட்டுற ஆப் உதவாது, பாதி ஆப் 5 சென்ட் முன்ன பின்ன இருந்தாலும் பச்சைதான் காட்டும், அதனால மூணாவது தந்தியோட 4-உம் முதல் தந்தியோட 3-உம் அதுக்குத் தெரியவே தெரியாது. எப்பவும் கீழேர்ந்து மேல ஏத்தி நிறுத்துங்க. மேலேர்ந்து இறக்கி நிறுத்தினா பிரடைல மாட்டின தளர்ச்சி ரெண்டு மீட்டுல அவிழ்ந்து இன்னும் இறங்கிடும். அப்புறம் கேப்போ. ஃப்ரெட்டை ஒட்டி, பின்பக்கமா, தந்தி கரகரன்னு சொல்லாத அளவுக்கு மட்டும் அழுத்தம் போதும். ரெண்டு ஃப்ரெட்டுக்கு நடுவுல போட்டு இறுக்கினீங்கன்னா மேல சொன்ன கணக்கெல்லாம் வீண். பழைய தந்தி போட்டிருந்தாலும் வீண். துருவும் வேர்வையும் ஏறின தந்தி ஒவ்வொரு ஃப்ரெட்டுலயும் ஒவ்வொரு மாதிரி பேசும்.

'ஃபயர் அண்ட் ரெயின்'ல சோதிங்க. கேப்போ மூணாவது ஃப்ரெட். கை வடிவம் ஏ, ஈ மைனர் 7, டி, ஏ, ஈ, அப்புறம் ஜி மேஜர் 7. காதுல கேக்கிறது சி-யில. அந்த ஜி மேஜர் 7, கேக்கும்போது பி ஃப்ளாட் மேஜர் 7, பாட்டோட ஸ்கேல்ல இல்லாதது; அடி வந்து முடியற இடத்துல தரை நழுவின மாதிரி இருக்கே, அதுக்கு இதுதான் காரணம். நெட்ல இருக்கிற எளிமைப்படுத்தின கார்டு ஷீட்ல வெறும் ஜி-ன்னு போட்டிருப்பாங்க. வெறும் ஜி வாசிச்சா பாட்டு தட்டையாயிடும். மேஜர் 7-க்கு முதல் தந்தியில மூணாவது ஃப்ரெட்டை விட்டுட்டு ரெண்டாவது ஃப்ரெட்டைப் பிடிங்க, போதும்.

வலது கையில பிக் கிடையாது. கட்டைவிரலுக்கு மூணு பேஸ் தந்தி, ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூணும் மேல் மூணு தந்திக்கு ஆளுக்கு ஒண்ணு. நகத்தால மீட்டுறதாலதான் அந்தத் தெளிவு. இடது கையில ஏ-யும் டி-யும் நாம பிடிக்கிற விரல் வரிசையில பிடிக்கமாட்டார், ஆள்காட்டி விரல் இடம் மாறி இருக்கும். அடுத்து செய்யப்போற ஹாமர்-ஆன், புல்-ஆஃப்புக்கு (தந்தியைத் திரும்ப மீட்டாம இடது கை விரலாலேயே சுரம் எழுப்புறது) வேண்டிய விரல் சும்மா இருக்கணும்னு. உடனே மாத்திக்கணும்னு அவசியமில்ல, ஆனா அவரோட அலங்காரச் சுரம் எல்லாம் கைக்கு வரலைன்னா காரணம் இதுவா இருக்கலாம்.

எல்பி-யோட வாசிக்கிறதா இருந்தா மட்டும் ஒண்ணு பார்த்துக்கோங்க. டர்ன்டேபிள் வேகம் 1 சதவீதம் தப்பினா சுதி 17 சென்ட் தப்பும். டெய்லர் இறக்கின மொத்தக் கணக்கையும் அது முழுங்கிடும். முதல்ல வேகத்தைச் சரி பண்ணுங்க, அப்புறம் தந்தியைத் தொடுங்க.


ஊசிமுனை:

டர்ன்டேபிள் வேகம் பார்க்க ஸ்ட்ரோப் தட்டு, அதாவது சமமா கோடு போட்ட வட்டம், அச்சிட்டு எடுத்துக்கலாம். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால நிமிஷத்துக்கு 33⅓ சுத்துக்கு 180 கோடு இருக்கிற வளையம்தான் வேணும். 60 ஹெர்ட்ஸ் வளையத்தைப் பார்த்து மோட்டாரைத் திருகிடாதீங்க. எல்இடி பல்பு வெளிச்சத்துல பெரும்பாலும் கோடு நிக்காது, அது விளக்கோட குறை. எலக்ட்ரீஷியன் வச்சிருக்கிற நியான் டெஸ்டர் மாதிரி நியான் விளக்கு வெளிச்சம், இல்லைன்னா பழைய குண்டு பல்பு. கோடு அசையாம நின்னா வேகம் சரி. தட்டு சுத்துற பக்கமே கோடும் நகர்ந்தா வேகம் அதிகம், எதிர்ப்பக்கம் நகர்ந்தா குறைவு. ஊசி ரெக்கார்டு மேல ஓடிக்கிட்டு இருக்கும்போதே பாருங்க, சும்மா சுத்தும்போது பார்க்கிறது கணக்கில்ல.

பழைய எல்பி வாங்குறவங்களுக்கு: பக்கத்துக்கு ஆறு பாட்டு. 'யூவ் காட் எ ஃப்ரெண்ட்' முதல் பக்கத்தோட கடைசி, லேபிளை ஒட்டி. உள்பக்கம் போகப் போக ஒரு சுத்துக்குக் கிடைக்கிற பள்ளத்தோட நீளம் குறைஞ்சுட்டே வரும், மெதுவான குரல், 'ஸ' ஓசை எல்லாம் அங்கதான் முதல்ல பொரியும். அதிகமாப் போட்டுத் தேஞ்ச பிரதியா இல்லையான்னு அந்தப் பாட்டுலயே தெரிஞ்சிடும். கடையில கேக்க ஒரு நிமிஷம்தான் கொடுப்பாங்கன்னா முதல் பாட்டை விட்டுட்டு அதைப் போடச் சொல்லுங்க. ரெண்டாவது பக்கக் கடைசி 'ஸ்டீம்ரோலர்', அது மேடைச் சத்தம், தேய்மானம் தெரியாது. இந்தத் தொகுப்பு அமெரிக்காவுல மட்டும் ஒரு கோடிப் பிரதிக்கு மேலன்னு டைமண்ட் சான்று வாங்கினது. அரிய பொருள் கிடையாது. அதிக விலை சொன்னா அடுத்த கடைக்குப் போங்க.


மூணாங்கட்டை:

எல்லாருக்கும் நன்றி. கேப்போவை நடுவுலதான் போட்டுக்கிட்டு இருந்தேன், முதல்ல அதைச் சரி பண்றேன். 'ஸ்வீட் பேபி ஜேம்ஸ்', 'மட் ஸ்லைட் ஸ்லிம்' ரெண்டும் முடிவு. ஒரே ஒரு சின்னக் கேள்வி: தனித்தனியா வாங்கணுமா, இல்ல மொத்தமா ஏதாவது செட் இருக்கா? அப்புறம் அந்த ஆப்பிள் ஆல்பம் இப்போ கிடைக்குமா?


கடைசிவரிசை:

'த வார்னர் பிரதர்ஸ் ஆல்பம்ஸ் 1970-1976'ன்னு 2019-ல ஒரு பெட்டி வந்திருக்கு. ஆறு ஆல்பமும் உண்டு: 'ஸ்வீட் பேபி ஜேம்ஸ்', 'மட் ஸ்லைட் ஸ்லிம்', 'ஒன் மேன் டாக்', 'வாக்கிங் மேன்', 'கொரில்லா', 'இன் த பாக்கெட்'. ரீமாஸ்டர் மேற்பார்வை பீட்டர் ஆஷர். ஸ்ட்ரீமிங்ல பாட்டுப் பேருக்குப் பக்கத்துல 2019 ரீமாஸ்டர்னு போட்டிருந்தா இதுதான். ஆனா கவனிங்க, பெட்டியில 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' கிடையாது. அதனால 1976-ல மறுபடி பாடின 'கரோலைனா', 'சம்திங்', மேடை 'ஸ்டீம்ரோலர்' மூணும் அதுல வராது. பெட்டி வாங்கிட்டோமேன்னு தொகுப்பைத் தள்ளிவிட்டுடாதீங்க.

பெட்டி வாங்கினா 'கொரில்லா'வை (1975) சும்மா விட்டுடாதீங்க. 'மெக்ஸிகோ'ல பின்குரல் டேவிட் க்ராஸ்பியும் க்ரஹாம் நாஷும். 'ஹௌ ஸ்வீட்'ல சாக்ஸபோன் டேவிட் சான்பார்ன், கூடப் பாடுறது கார்லி சைமன். 'இன் த பாக்கெட்'ல 'எ ஜங்கீஸ் லமென்ட்' தேடிப் பிடிச்சுக் கேளுங்க, 'ஷவர் த பீப்பிள்' மாதிரி இதமான பாட்டு முடிஞ்ச கையோட அது வருது, தொகுப்பு வழியா வந்தவங்க யாரும் எதிர்பார்க்காத இருட்டு. பின்குரல் ஆர்ட் கார்ஃபங்கல்.


உறைக்குறிப்பு:

ஆப்பிள் ஆல்பம் 2010-ல் ரீமாஸ்டர் ஆகி, கூடுதல் பாட்டுகளோடு வந்தது, ஸ்ட்ரீமிங்கிலும் இருக்கிறது. ஆல்பத்தின் பெயரே 'ஜேம்ஸ் டெய்லர்' என்பதால் தேடினால் அவருடைய எல்லாமும் வந்து கொட்டும். 'டேக்கிங் இட் இன்' என்ற பாட்டின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், நேரே அந்த ஆல்பத்துக்குப் போய்விடலாம். ஷஃபிள் போட வேண்டாம், பாட்டு இடைவெளி நிரப்பும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். இரண்டும் அந்த இணைப்பு இசையைக் கண்டபடி வெட்டிவிடும்.